சரிவு நிலத்துக்கு எந்த அளவு மினி டிராக்டர்?

மினி டிராக்டர் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "எத்தனை எச்.பி.?" என்றுதான். சமதளத்தில் அது சரியான கேள்வி. நிலம் சரிவாக இருந்தால் அதை நான்காவதாகக் கேட்டால் போதும். வண்டியின் எடை என்ன, பின்சக்கரங்கள் எவ்வளவு அகலத்தில் நிற்கின்றன, இறக்கத்தில் அதை எது பிடித்து நிறுத்தும் என்ற மூன்றும் அதற்கு முன்னால் வர வேண்டும்.

பல கம்பெனிகள் ஒரே சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) மூன்று விதமான எஞ்சின் பொருத்தி விற்கின்றன. பானெட்டில் ஒட்டிய எண் 26, 32, 38 என்று மாறும். நீளம், அகலம், எடை, லோடர் (முன்னால் பக்கெட்டோடு மாட்டும் தூக்குக் கை) தூக்கும் திறன் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அப்படிப்பட்ட வரிசையில் பெரிய எண்ணுக்குக் கூடுதலாகப் பணம் கொடுத்தால் வேகம் கிடைக்கும், சரிவில் பிடிமானம் கிடைக்காது. அதனால் சேசிஸை முதலில் முடிவு செய்யுங்கள். எஞ்சினைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அதற்கும் முன்னால் சரிவை அளக்க வேண்டும். கண்மதிப்பை நம்பாதீர்கள். ஒரே சரிவு மேலிருந்து பார்த்தால் ஒரு மாதிரியும் கீழிருந்து பார்த்தால் வேறு மாதிரியும் தோன்றும். 2 மீட்டர் நீளமுள்ள நேரான அலுமினியச் சட்டமும் ரசமட்டமும் டேப்பும் போதும். சட்டத்தின் ஒரு முனையை மேட்டுப்பக்கம் தரையில் வைத்து, ரசமட்டம் நடுவுக்கு வரும்வரை மறுமுனையைத் தூக்கிப் பிடியுங்கள். அந்த முனையிலிருந்து தரைவரை 35 செ.மீ. இருந்தால் சரிவு 10 டிகிரி. 54 செ.மீ. என்றால் 15 டிகிரி, 73 செ.மீ. என்றால் 20. சதவீதத்தையும் டிகிரியையும் குழப்பிக்கொள்வதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தப்பு. 30 சதவீதச் சரிவு என்பது 17 டிகிரிகூட இல்லை. 100 சதவீதம் என்பது 45 டிகிரி. வண்டி ஓடப்போகும் ஒவ்வொரு வழியிலும் மிகச் செங்குத்தான இடத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஏற்ற இறக்கமாக ஓடும் வழியா, சரிவுக்குக் குறுக்கே ஓடும் வழியா என்பதையும் பக்கத்தில் குறித்துவையுங்கள். குறுக்கு வழிகள்தான் அகலத்தைத் தீர்மானிக்கும்.

அகலத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். வண்டி பக்கவாட்டில் குடைசாயும் இடத்தை நிர்ணயிப்பது இரண்டு பின்டயர்களுக்கு இடையே உள்ள தூரமும், வண்டியின் எடை மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதும்தான். முன் அச்சு நடுவில் ஒரு இரும்பு முளையில் ஆடுகிறது. மேடுபள்ளத்துக்கு ஏற்ப அது வளைந்துகொடுக்கும். ஆனால் அந்த ஆட்டம் முடிந்து தடுப்பில் போய் முட்டும்வரை, சாயும் வண்டியை முன்சக்கரங்கள் தாங்காது. நான்கு காலில் நிற்பதுபோல் தெரிந்தாலும் சாயத் தொடங்கும்போது டிராக்டர் முக்காலிதான்.

இதில் ஒரு கல் என்ன செய்யும் என்று பாருங்கள். பின்டயர்களின் நடுக்கோட்டுக்கு நடுக்கோடு 1 மீட்டர் இருக்கும் சிறிய வண்டி, 10 டிகிரி சரிவில் குறுக்கே போகிறது. மேட்டுப்பக்க பின்சக்கரம் 10 செ.மீ. கல்லின்மேல் ஏறும் அதே நேரத்தில் பள்ளத்துப்பக்க சக்கரம் 10 செ.மீ. குழியில் இறங்குகிறது. வண்டி அந்த நொடியில் 21 டிகிரிக்கு மேல் சாய்ந்துவிட்டது. 1.4 மீட்டர் அகலமுள்ள வண்டியில் அதே கல்லும் அதே குழியும் சாய்வை 18 டிகிரியில் நிறுத்தும். இந்த 3 டிகிரி காகிதத்தில் சின்னதாகத் தெரியலாம். லோடர் பக்கெட் உயரத் தூக்கியிருக்கும் வண்டிக்கு அது சின்னதல்ல. குறுக்கே ஓட்டுவதற்கு என் வரம்பு 10 டிகிரி. அதுவும் புல் மறைக்காமல் தரை கண்ணுக்குத் தெரியும் இடத்தில், பக்கெட் முழங்காலுக்குக் கீழே இருக்கும்போது மட்டும்.

பின்சக்கர அகலத்தைக் கூட்ட முடியுமா என்று வாங்கும்போதே கேளுங்கள். பல மாடல்களில் ரிம்மையும் டிஸ்க்கையும் மாற்றித் திருப்பிப் போட்டால் அகலம் கூடும். சிலவற்றில் ஸ்பேசர் (சக்கரத்தை வெளியே தள்ளும் இடைத்துண்டு) போடலாம். சிலவற்றில் எதுவும் முடியாது. அகலம் கூட்டிய பிறகு பின்னால் மாட்டும் கருவி டயர்த்தடத்தை மூடுகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்து எடை. லோடர் இல்லாமல், சப்-காம்பாக்ட் எனப்படும் மிகச் சிறிய வண்டிகள் 600 முதல் 800 கிலோ வரை இருக்கும். நடுத்தர காம்பாக்ட் 1,100 முதல் 1,500 கிலோ. அதற்கு மேலே 2,000 கிலோ வரை பெரிய சேசிஸ்கள் உண்டு. எடை கூடினால் டயர் நன்றாகக் கடிக்கும். அதே எடை இறக்கத்தில் வண்டியைக் கீழே தள்ளவும் செய்யும், ஈர மண்ணை அமுக்கிக் கெட்டியாக்கும். அதனால் எடையைத் தனியாகப் பார்க்காமல் நீங்கள் தூக்கப்போகும் பாரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கு. லோடரும் ஓட்டுபவரும் சேர்ந்து 1,300 கிலோ உள்ள வண்டி. முன்னச்சிலும் பின்னச்சிலும் 650 கிலோ, சரிபாதி. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 1.6 மீட்டர். பக்கெட்டில் 400 கிலோ ஈர மண். அதன் பாரம் முன்னச்சுக்கு 1.2 மீட்டர் முன்னால் விழுகிறது. சமதளத்திலேயே அது பின்னச்சிலிருந்து 300 கிலோவைத் தூக்கிவிடும், மிச்சம் 350. இதே வண்டி 15 டிகிரி இறக்கத்தில் முன்னோக்கி இறங்கினால் எடை இன்னும் முன்னால் சாய்ந்து, பின்சக்கரங்களில் நிற்பது சுமார் 160 கிலோ மட்டுமே. பெரும்பாலான காம்பாக்ட் டிராக்டர்களில் பிரேக் பின்னச்சில்தான் இருக்கிறது. வண்டியையும் மண்ணையும் கீழே இழுக்கும் விசை 440 கிலோ. காய்ந்த தரையில் 160 கிலோ அழுத்தம் கொடுக்கும் பிடிப்பு 100 கிலோவைத் தாண்டாது. பிரேக்கை மிதித்தால் பின்சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது.

பின்னால் 250 கிலோ எடைப்பெட்டி மாட்டினால்? பின்னச்சுக்கு 0.9 மீட்டர் பின்னால் தொங்கும் அந்தப் பெட்டி, நெம்புகோல்போல் பின்னச்சில் 390 கிலோ ஏற்றும். அதே இறக்கத்தில் பின்சக்கரங்களில் இப்போது 500 கிலோவுக்குச் சற்று மேல். பிடிப்பு 300 கிலோ, கீழே இழுக்கும் விசை 505 கிலோ. இன்னும் போதவில்லை, கவனியுங்கள். நான்கு சக்கர இயக்கத்தைப் போட்ட பிறகுதான் கணக்கு நேராகும். அப்போது பின்னச்சில் பிடிக்கும் பிரேக் உள்ளிருக்கும் தண்டு வழியாக முன்சக்கரங்களையும் பிடிக்கும், 1,950 கிலோ முழுதும் தரையைக் கடிக்கும், பிடிப்பு 1,100 கிலோவைத் தாண்டும். ஈரப்புல்லில் அதில் பாதிதான் கிடைக்கும். அதாவது 15 டிகிரி ஈரப்புல்லில் எல்லாம் சரியாக இருந்தும் வண்டி நூலிழையில்தான் நிற்கிறது. நான்கு சக்கர இயக்கம் ஏறுவதற்கு என்று நினைப்பவர்கள் அதிகம். சரிவு நிலத்தில் அதன் முக்கிய வேலை இறங்குவதுதான். அது இல்லாத வண்டியை மலைப்பாங்கான இடத்துக்கு வாங்கவே வேண்டாம்.

பின்டயரில் தண்ணீர் நிரப்புவதும் நல்ல வழி. வால்வை உச்சியில் வைத்து அதன் மட்டம்வரை நிரப்பினால் டயரில் முக்கால் பங்கு நிறையும். அந்த மட்டத்தில் 100 லிட்டர் பிடிக்கும் டயர் என்றால் இரண்டுக்கும் 200 கிலோ. அந்த எடை முழுதும் தாழ்வாக இருப்பதால் பக்கவாட்டில் சாயாமல் இருக்கவும் உதவும். உறைபனி விழும் இடத்தில் வெறும் தண்ணீர் ஆகாது, உறையாத கலவை வேண்டும். கால்சியம் குளோரைடு கரைசல் கனமானது, ஆனால் கசிந்தால் ரிம்மை அரித்துவிடும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: டயர்த் தண்ணீர் பின்சக்கரத்துக்குப் பிடிப்பைக் கூட்டும், முன்னச்சின் சுமையைக் குறைக்காது. தொங்கும் எடைப்பெட்டி இரண்டையும் செய்யும். லோடர் வேலை இருந்தால் பெட்டி கட்டாயம்.

பின்னால் கனமான கருவி மாட்டி ஏறும்போது பிரச்சினை தலைகீழாகும். மொத்த எடையில் குறைந்தது 20 சதவீதமாவது முன்னச்சில் நின்றால்தான் ஸ்டியரிங் கேட்கும். சமதளத்தில் சரியாகத் திரும்பும் வண்டி ஏற்றத்தில் முன்னால் லேசாகிப்போய் நேரே போகும். மரக்கட்டை இழுப்பதானால் கொக்கியை டிராபாரில் (பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைச் சட்டம்) மட்டும் மாட்டுங்கள். கருவியின் மேல்முனையைப் பிடிக்கும் டாப் லிங்க் இடத்திலோ பின்னச்சுக்கு மேலேயோ மாட்டி இழுத்தால் வண்டி மல்லாந்துவிடும். அது நடந்து முடிய ஒன்றரை விநாடிகூட ஆகாது, கிளட்சை மிதிக்க நேரம் கிடைக்காது.

இப்போது எச்.பி.க்கு வரலாம். விளம்பரத்தில் இருப்பது எஞ்சின் எச்.பி. கருவியைச் சுழற்றுவது பி.டி.ஓ. எச்.பி., அதாவது பின்னால் கருவியை ஓட்டும் தண்டுக்கு வந்துசேரும் சக்தி. கியர் வண்டியில் எஞ்சினின் 85 சதவீதத்தை ஒட்டி பி.டி.ஓ.வுக்கு வரும், கியருக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ரோஸ்டாட்டிக்கில் 80 அல்லது அதற்கும் கீழே. 25 எச்.பி. ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியில் 19, 20 கிடைக்கும். புதர் வெட்டும் ரோட்டரி கட்டருக்கு ஒரு அடி அகலத்துக்கு 4 முதல் 5 பி.டி.ஓ. எச்.பி. வேண்டும். 4 அடி கட்டர் அந்த 20-ஐ சமதளத்திலேயே தின்றுவிடும். ஏறுவதற்கு? கருவியோடு 1,600 கிலோ உள்ள வண்டி 15 டிகிரி ஏற்றத்தில் மணிக்கு 5 கி.மீ. போக ஏழரை எச்.பி. தனியாக வேண்டும், டயர் உருளும் தடையைச் சேர்க்காமலே. வேகத்தைப் பாதியாக்கினால் தேவையும் பாதியாகும். அதனால் சமதளக் கணக்குக்கு மேல் 8 முதல் 10 எச்.பி. கூட்டிப் பாருங்கள், இல்லையென்றால் ஒரு அடி குறைந்த கட்டரை எடுங்கள். நான் கட்டரைத்தான் குறைப்பேன். கருவி சின்னதானால் பின்னால் தொங்கும் பாரமும் குறையும்.

உயரமான மலையில் இருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும். 1,500 மீட்டரில் 15 சதவீதம் போய்விடும். அங்கே டர்போ ஆடம்பரமில்லை.

கியரா, ஹைட்ரோஸ்டாட்டிக்கா? லோடர் வேலைக்கும் அடிக்கடி முன்பின் போவதற்கும் ஹைட்ரோஸ்டாட்டிக் சௌகரியம். பெடலில் இருந்து காலை எடுத்தாலே வேகம் குறையும். ஆனால் ஹை ரேஞ்சில் ஏற்றம் ஏற முயன்றால் ஊளையிடுவதுபோல் சத்தம் வரும், வண்டி நகராது. அழுத்தம் மிஞ்சியதால் ரிலீஃப் வால்வு திறந்து எண்ணெய் சூடாவதன் சத்தம் அது. உடனே பெடலை விட்டு, பிரேக் பிடித்து, லோ ரேஞ்சுக்கு மாற்றுங்கள். கியர் வண்டியில் ஆபத்து வேறு விதம். சரிவின் நடுவில் கியர் மாற்ற கிளட்சை மிதித்தால் எஞ்சினின் பிடி விட்டுப்போய் வண்டி தானாக உருளும். கியரை மேலேயே தேர்ந்தெடுத்துவிட்டு இறங்க வேண்டும். எந்த வண்டியானாலும் இடது வலது பிரேக் பெடல்கள் கொக்கியால் இணைந்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக வெட்டித் திரும்பும்.

டயரில் சுருக்கமாக: சேற்றுக்கும் ஈரப்புல்லுக்கும் ஆழமான பட்டையுள்ள ஆர்1; கல்லும் குச்சியும் நிறைந்த இடத்தில் பக்கச்சுவர் தடித்த ஆர்4; வழவழப்பான புல்தரை டயர் சரிவுக்கு வேண்டாம்.

எல்லாம் சேர்த்துப் பார்த்தால் என் தேர்வு இப்படி இருக்கும். வழிகள் எல்லாம் 10 டிகிரிக்குள், புல் வெட்டும் வேலையும் சில்லறைச் சுமையும் என்றால் 800 முதல் 1,000 கிலோ சேசிஸ், 25 எச்.பி. போதும். 10 முதல் 15 டிகிரி, விறகு, மண், லோடர் வேலை என்றால் 1,200 கிலோவுக்குக் குறையாத நடுத்தர சேசிஸ், 30 முதல் 37 எச்.பி., அகலம் கூட்டக்கூடிய பின்சக்கரம், எடைப்பெட்டி. வழி குறுகலான படித்தளங்கள் நிறைய இருந்தால் பெரிய வண்டி திரும்ப இடமிருக்காது. அங்கே தாழ்வான சிறிய வண்டியும் குறைந்த பாரமும்தான் பாதுகாப்பு. வேலையின் பெரும்பகுதி 15 டிகிரிக்கு மேல் என்றால் எந்த மினி டிராக்டரும் சரியான அளவில்லை. கையால் பிடித்து ஓட்டும் இரண்டு சக்கர இயந்திரத்தையோ ரிமோட்டில் ஓடும் சரிவு வெட்டியையோ பாருங்கள்.

ரோல்பார் (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்பு வளைவு) மடிக்கக்கூடியதா என்றும், உங்கள் நிலத்து மரக்கிளைகளுக்குக் கீழே அதை நிமிர்த்தி வைத்தே போக முடியுமா என்றும் அளந்து பாருங்கள். நிமிர்ந்திருக்கும்போது சீட் பெல்ட் கட்டாயம். மடித்திருக்கும்போது பெல்ட் போடக்கூடாது, சரிவில் வேலையும் செய்யக்கூடாது. கிளை இடித்தால் கிளையை வெட்டுங்கள்.

பணம் கொடுக்கும் முன் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். நான்கு சக்கர இயக்கம், லோ ரேஞ்ச், பின்னால் எடைப்பெட்டி, எண்ணெயும் டீசலும் முழு மட்டத்தில். மட்டம் குறைந்திருந்தால் சரிவில் பம்ப் காற்றை உறிஞ்சும், சோதனையே பொய்யாகிவிடும். முதலில் காலி பக்கெட்டோடு உங்கள் செங்குத்தான வழியில் இறங்குங்கள். பிறகு பாதி மண். மேட்டைப் பார்த்தபடி பின்னோக்கி இறங்குங்கள், பாரம் எப்போதும் மேட்டுப்பக்கம் இருக்க வேண்டும். பாதியில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, ஒரு நிமிடம் இருக்கையிலேயே உட்கார்ந்து, டயர் ஓரத்தில் ஒரு கல்லைக் குறியாக வைத்துக் கவனியுங்கள். வண்டி அந்தக் குறியைவிட்டு நகர்ந்தால் அடுத்த பெரிய எஞ்சினைக் கேட்காதீர்கள். இன்னும் 100 கிலோ பின்பாரம் ஏற்றி மறுபடி இறக்கிப் பாருங்கள். அப்போதும் நகர்ந்தால் அடுத்த சேசிஸுக்குப் போங்கள்.