ஊதா ரயில், மார்ச் 2025

மார்ச் 3, திங்கள்

நாளைக்குத் தங்கைக்கு மூன்றாவது கீமோ. நல்லமிளகு வறுத்துப் பொடித்தாயிற்று. அவள் பையனிடம் நியூயார்க் ரயில் வரைபடத்தைக் கேட்டு வாங்கி மடித்துப் பைக்குள் வைத்திருக்கிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

சிவப்பு மருந்து ஏறும் நேரம் முழுவதும் வாயில் பனிக்கட்டியை அடக்கிக்கொள்ளச் சொன்னார்கள். வாய்ப்புண் குறையுமாம். பக்கத்து நாற்காலி அம்மாளுக்கு வேறு மருந்து. அவர் குளிர்ந்தது எதையும் தொடக்கூடாதாம். தண்ணீர்ப் பாட்டிலைக்கூடக் கையுறை போட்டுக்கொண்டுதான் பிடித்தார். இவள் பனிக்கட்டியைக் கடிக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

நர்ஸம்மா பிலிப்பைன்ஸ்காரர். சென்ற முறை என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். சொல்லும்படி ஒன்றும் இல்லை. நான் தலைகுனிந்ததைப் பார்த்துவிட்டு, ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தார். சினிகாங். வுட்சைட், 61ஆம் தெரு நிலையம். "எங்கள் ஊர்ப் புளிச்சாறு. என் அம்மாவுக்கு அதுதான் இறங்கியது" என்றார். அவருடைய அம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 5, புதன்

தண்ணீர்கூடத் தங்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

ரசம் வைத்தேன். மிளகு, சீரகம், பூண்டு, கறிவேப்பிலை, கொஞ்சம் பெருங்காயம். சின்ன வயதில் காய்ச்சல் என்றால் அம்மா வைத்துக் கொடுக்கும் அதே ரசம். டம்ளரை மூக்குக்கு அருகில் கொண்டுபோனாள். அப்படியே திருப்பிக் கொடுத்தாள்.

"எடுத்துக்கொண்டு போய்விடு, அக்கா. இரும்பு வாடை. பழைய துட்டை வாயில் போட்ட மாதிரி இருக்கிறது."

டம்ளரால் இருக்கலாம் என்று பீங்கான் கோப்பையில் ஊற்றினேன். பிளாஸ்டிக் கரண்டி கொடுத்தேன். அதற்கும் அதே முகம். முப்பது வருடமாகச் சமைக்கிற கை இது. ஒரு டம்ளர் ரசத்தை அவள் தொண்டைக்குள் இறக்க முடியவில்லை. அடுக்களையில் அத்தனையையும் கொட்டினேன். கொட்டும்போது அழுதேன், எழுதி வைத்துவிடுகிறேன்.

இரவு முழுவதும் இதே யோசனை. அவித்த முட்டை போன தடவை ஆகாமல் போனது. இட்லி ஆகவில்லை. சோறும் மோரும் ஆகவில்லை. ஆனால் போன மாதம் மாப்பிள்ளை அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த, பேர் தெரியாத ஏதோ ஒரு சூப்பை அரைக் கிண்ணம் குடித்தாள். தெரிந்த சாப்பாடு என்றால் அவள் நாக்கு அந்த ருசியை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. வந்து சேர்வது இரும்பு. அந்த ஏமாற்றம்தான் குமட்டுகிறதோ? அப்படியானால் அவளுக்கு வேண்டியது அவள் நாக்குக்கு முன்பின் தெரியாத சாப்பாடு.

அதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. நாங்கள் இருக்கும் இந்தக் குவீன்ஸில் ஏறத்தாழ பாதிப் பேர் வேறு நாட்டில் பிறந்தவர்கள் என்று வந்த புதிதில் மாப்பிள்ளை சொன்னபோது தலையாட்டிவிட்டு விட்டேன். இப்போது அந்தப் பாதிப் பேரும் என்ன சமைக்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

82ஆம் தெருவில் ஏறினால் மூன்றாவது நிலையம் வுட்சைட். ஏழாம் எண் ரயில் தலைக்கு மேலே பாலத்தில் ஓடுகிறது, கீழே ரூஸ்வெல்ட் அவென்யூ. வரைபடத்தில் ஊதாக் கோடு. பையன் அதைத்தான் "பெரியம்மா ரயில்" என்கிறான்.

கடையில் பாதி மேசைகளில் நர்ஸ் சீருடை. தவக்காலத்து வெள்ளி, பன்றி இறைச்சிச் சாற்றை யாரும் கேட்கவில்லை, இறால் போட்டதே எல்லா மேசையிலும். முள்ளங்கி, வெண்டைக்காய், வள்ளைக்கீரை, நீளப் பச்சைமிளகாய் ஒன்று முழுசாக. நான் ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். புளி. வெறும் புளி, தாளிப்பு இல்லாமல், பெருங்காயம் இல்லாமல். கரைசலை அப்படியே கொதிக்கவிட்டதுபோல் பளீரென்று இருந்தது.

வீட்டுக்கு வந்து சூடாக்கிக் கொடுத்தேன். ஒரு கிண்ணம். முழுசாக ஒரு கிண்ணம்! இறாலைத் தொடவில்லை, போகட்டும். சாறு முழுவதும் உள்ளே போனது, உள்ளேயே இருந்தது. "இது என்ன, அக்கா?" என்றாள். "புளி" என்றேன். "நம் புளியா?" என்றாள். அப்படியே தூங்கிப்போனாள். மணி ஏழுகூட ஆகவில்லை.

மார்ச் 8, சனி

பஸ் பிடித்து ரீகோ பார்க், 108ஆம் தெரு. சோவியத் யூனியன் உடைந்த காலத்தில் உஸ்பெகிஸ்தானிலிருந்து வந்து குடியேறிய புகாரா யூதர்களின் கடைவீதி. லக்மான் என்று கையால் இழுத்த நூடுல்ஸைக் குழம்பில் போட்டுத் தருவார்கள், தந்தூரில் சுட்ட ரொட்டியும் உண்டு என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

அத்தனை கடையும் பூட்டு. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள். நான் யோசித்திருக்க வேண்டும். நல்ல உடை உடுத்திய குடும்பங்கள் குழந்தைகளோடு நடந்து போய்க்கொண்டிருந்தன. வெறுங்கையோடு திரும்பினேன். மத்தியானம் அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும் நாள். மாத்திரை வேளை எல்லாம் குழம்பிவிட்டது.

மறுபடியும் 108ஆம் தெரு. ஆட்டுக்கறி வாசம் மூடியைத் திறந்தவுடனே அவளை விரட்டிவிட்டது. லக்மானை மாப்பிள்ளை சாப்பிட்டார். ரொட்டி மட்டும் வென்றது. வட்டமாக, நடுவில் அமுக்கி முத்திரை குத்தினாற்போல் இருக்கிறது, ஓரம் மெத்தென்று. பிய்த்துப் பிய்த்து, வெறும் ரொட்டியை, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கால்பங்கு தின்றாள். அந்தக் கடையில் "நோன்" என்கிறார்கள். காதில் நோன்பு என்று விழுந்தது எனக்கு.

மார்ச் 11, செவ்வாய்

வாய்ப்புண் வந்துவிட்டது. புளிப்பு இனி ஆகாது. வுட்சைட்டிலிருந்து வாங்கி உறைய வைத்திருந்த இரண்டு டப்பா சாறு அப்படியே இருக்கிறது.

இரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை இறங்கும் வாரமும் இதுதான். தொலைபேசியில் நர்ஸம்மா வரிசையாகச் சொன்னார்: பச்சைக் காய் கூடாது, திறந்து வைத்த பாத்திரத்திலிருந்து அள்ளிப் போடும் சாப்பாடு கூடாது, தெருவண்டி கூடாது, அப்போது சமைத்துக் கொதிக்கக் கொதிக்க வாங்கியதுதான். எனக்கு மிகவும் பிடித்தவை அந்தத் தெருவண்டிகள். கரோனா பிளாசா நிலையத்தின் கீழே சோள இலையில் பொதிந்த தமாலேயை ஆவி பறக்க எடுத்துத் தரும் பெண்களை இந்த வாரம் தள்ளி நின்று பார்க்க வேண்டியதுதான்.

இன்றுமுதல் கடைக்குள் நுழையும்முன் கண்ணாடியைப் பார்க்கிறேன். நகரச் சுகாதாரத் துறை ஒட்டிவைக்கும் எழுத்து. நீல நிற 'ஏ' என்றால் ஆய்வில் பதின்மூன்று புள்ளிக்குள் குறை. பச்சை 'பி' ஒட்டிய கடையில் மணம் எவ்வளவு நன்றாக வந்தாலும் நான் நுழைவதில்லை. பாவம், நல்ல கைகளாகவும் இருக்கும்.

மார்ச் 13, வியாழன்

ஜாக்சன் ஹைட்ஸ் 74ஆம் தெருப் பக்கம் திபெத்தியக் கடை. தென்துக் கேட்டேன். அந்தப் பெண் மாவை நீளமாக இழுத்து, கட்டைவிரலால் பிய்த்துப் பிய்த்துக் கொதிக்கும் சாற்றில் எறிந்தார். கண்முன்னே கொதிக்கிறது, அதனால் எனக்கு மனம் நிம்மதி. மிளகாய் வேண்டாம், உப்புக் குறைத்து என்று சைகையில் சொன்னேன். யாருக்கு என்று கேட்டார். தலைக்குத் துணி கட்டுவதுபோல் காட்டினேன். புரிந்துகொண்டு இன்னொரு கரண்டி கீரை போட்டார், அதற்குக் காசு வாங்கவில்லை.

வெளியே வந்தபோது ஏழு மணி ஆகப்போகிறது. 73ஆம் தெருவில் வங்காளதேசக் கடைகள் வாசலில் மேசை போட்டு ஜிலேபி, பருப்பு வடை, பொரி, ஹலீம் விற்றுக்கொண்டிருந்தன. பாங்கு கேட்டதும் தெருவே ஒரு நொடி நின்று ஒரு பேரீச்சம்பழத்தைக் கடித்தது. யாரோ என் கையிலும் ஒன்றைத் திணித்தார்கள். பசி என்பது எவ்வளவு பெரிய செல்வம்.

தென்துக்: எட்டுத் துண்டு, சாறு பாதி.

மார்ச் 14, வெள்ளி

மாலை 99.8. இரவு 100.1. காய்ச்சல் 100.4 வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். பை தயாராகக் கதவருகே இருக்கிறது.

மார்ச் 15, சனி

99.1. கிளம்பவில்லை. கடவுளே.

மார்ச் 16, ஞாயிறு

ரயில் கடைசி நிலையம், ஃபிளஷிங் மெயின் தெரு. அங்கிருந்து நடந்து பௌன் தெரு விநாயகர் கோயில். 1977இல் குடமுழுக்கு நடந்த கோயில். அவள் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டுக் கீழ்த்தளத்து உணவகத்துக்குப் போனேன். தோசை மணம். சுற்றிலும் தமிழ், தெலுங்கு, கன்னடம். தட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவளுக்குச் சாப்பிட முடியவில்லை. அவளுக்கு ஆகாத சாப்பாட்டை நான் மட்டும் எப்படி? ஆனாலும் சாப்பிட்டேன். ராத்திரி நாலு தடவை எழுந்திருக்க எனக்கும் தெம்பு வேண்டுமே.

திரும்பும் வழியில் சீனக் கடையில் கஞ்சி. ஆங்கிலத்தில் அதை எழுதியிருக்கும் சொல்லே நம் கஞ்சியிலிருந்து போனது. அரிசி உருவம் தெரியாமல் குழைந்து, மேலே இஞ்சிக் கீற்று. இஞ்சியை எடுத்துவிட்டேன். ஆறு கரண்டி சாப்பிட்டாள். இதில் என் கணக்கு இடிக்கிறது. கஞ்சி அவளுக்குத் தெரியாத சாப்பாடா?

மார்ச் 17, திங்கள்

பையன் காகிதத்தில் ரயில் வரைந்து ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு கிண்ணம் போட்டிருக்கிறான். அம்மா சாப்பிட்ட இடத்துக்குப் பச்சை, சாப்பிடாத இடத்துக்குச் சிவப்பு. நம் வீட்டுக்கு அவன் சிவப்புப் போட்டிருக்கிறான்.

மார்ச் 18, செவ்வாய்

நேற்று இரவெல்லாம் "நகரின் சிறந்த உணவகங்கள்" பட்டியல்களைப் படித்தேன். ஆரோக்கியமான நாக்குக்காக எழுதியவை. எது காரம், எது புகழ், எங்கே வரிசை நீளம். எந்தக் கடையில் ஒரு கிண்ணத்தை மிளகாய் இல்லாமல் தனியாகக் கொதிக்கவைத்துத் தருவார்கள் என்று ஒருவரும் எழுதவில்லை. மூடியைத் திறந்தால் எந்த வாசம் முதலில் அடிக்கும் என்றும் எழுதவில்லை. காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து இன்னொரு கடிதம். மாப்பிள்ளை படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டார்.

புண் ஆறி வருகிறது.

மார்ச் 20, வியாழன்

இன்றைக்கு நடந்ததை முறையாக எழுத வேண்டும்.

ஜங்ஷன் பூல்வார்டு தாண்டி ஈக்வடார்க்காரர்களின் கடை. நீல 'ஏ'. காலை பத்து மணிக்கே எல்லாரும் ஒரே கிண்ணத்தைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். கட்டட வேலைக்காரர்கள், இரவு வேலை முடித்து வந்தவர்கள். என்செபொயாதோ. வெங்காயம் போட்டது என்றுதான் பெயருக்குப் பொருள். எட்டிப் பார்த்தேன். சூரை மீன். அதோடு பெரிய பெரிய வெள்ளைத் துண்டாக மரச்சீனிக்கிழங்கு. கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஏத்தங்காய் வறுவல்!

நாகர்கோவிலில் பிறந்தவளுக்கு இதைப் பார்த்துவிட்டு எப்படி இருக்கும்? கிழங்கும் மீனும். வாங்கலாமா வேண்டாமா என்று பத்து நிமிடம் நின்றேன். தெரிந்த சாப்பாடு ஆகாது என்று நான்தானே முடிவு கட்டினேன். ரசம் போலவே இதுவும் அவள் கண்முன்னே இரும்பாகிவிட்டால்? அம்மா செய்த மீன்குழம்பும் அதோடு போய்விடுமே. பயந்துகொண்டேதான் வாங்கினேன். பச்சை வெங்காயத்தைத் தனி டப்பாவில் போடச் சொன்னேன், அது எனக்கு.

வீட்டில் மூடியைத் திறந்ததும் அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"மரச்சீனியா?"

"ஆமாம் மக்களே."

கரண்டியை ஒதுக்கிவிட்டாள். கிழங்கை விரலால் மசித்து, சாற்றைத் தொட்டுத் தொட்டு, அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தின்கிற மாதிரி. மீனும் தின்றாள். ஒன்றும் பேசவில்லை. நான் மூச்சுவிடவில்லை. பையன் கதவோரம் பச்சைக் கலர்ப் பென்சிலோடு நின்றான்.

"தேங்காய் இல்லை, குடம்புளி இல்லை" என்றாள் கடைசியில். "ஆனால் கிழங்கு கிழங்காகவே இருக்கிறது, அக்கா."

விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் பரப்பியதாம் இந்தக் கிழங்கை. பர்மா அரிசி வராமல் நின்ற யுத்த காலத்தில் நாடே இதைத் தின்றுதான் பிழைத்தது என்று தாத்தா சொல்வார். அதற்கும் முன்னால் அது கடல் கடந்து வந்தது தென் அமெரிக்காவிலிருந்து. நம் ஊர்க் கிழங்கு என்று நான் கொண்டாடியது அந்தக் கடைக்காரர்கள் பக்கத்துக் கிழங்கு. அவர்கள் சமைத்ததில்தான் அவளுக்கு அது திரும்பக் கிடைத்திருக்கிறது.

என் கணக்கு தப்பு. நினைவில்லாத சாப்பாடு என்று ஊரெல்லாம் தேடினேன். அல்லது மூன்றாவது வாரம், நாக்கு தானாகவே திரும்பும் வாரம், அவ்வளவுதானா? தெரியவில்லை. எதுவானால் என்ன.

மார்ச் 21, வெள்ளி

மறுபடியும் என்செபொயாதோ. அவளே கேட்டாள்.

மார்ச் 22, சனி

தொப்பி, முகக்கவசம், என் கம்பளிச் சால்வை. அவளே படியேறி ரயிலுக்கு வந்தாள். படியில் இரண்டு இடத்தில் நின்றோம். மூன்றே நிலையம். வுட்சைட் கடையில் சன்னலோர மேசை. தனக்கு வேண்டியதைத் தானே கேட்டு வாங்கினாள். இன்று இறாலையும் தின்றாள். ரயில் மேலே போகும்போதெல்லாம் மேசை அதிர்ந்தது. "உன் ரசத்தையும் வை, அக்கா. பெருங்காயம் போடாமல்" என்றாள்.

மார்ச் 23, ஞாயிறு

ரசம். ஒரு டம்ளர். டம்ளரிலேயே.

மார்ச் 24, திங்கள்

இரத்தப் பரிசோதனை ஆயிற்று. எண்ணிக்கை போதுமாம். நாளைக் காலை ஏழரைக்கு நான்காவது, சிவப்பு மருந்தில் அதுதான் கடைசி. நாளை மறுநாளிலிருந்து மறுபடியும் இரும்பு. வுட்சைட் சாறு இரண்டு டப்பா உறைந்தபடி இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்கு ஆகும். எகிப்தியர்களின் பருப்புச் சூப்பில் எலுமிச்சை பிழிந்து தருவார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், அஸ்டோரியா, ஸ்டைன்வே தெரு. அங்கே ஊதா ரயில் போகாதாம், மஞ்சள் ரயில் என்கிறான் பையன்.