எட்டுப் பெண்களும் மாற்கு ஐந்தாம் அதிகாரமும்

எந்தச் சபையின் சண்டே ஸ்கூல் சூப்பரின்டென்டென்டிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர் கிடைத்துவிடுவார்கள். ஆக்‌ஷன் பாட்டும் கலர் பென்சிலும் இருந்தால் வேலை ஓடும். காலேஜ் பிள்ளைகளுக்கு வாலிபர் கூடுகை இருக்கிறது, கிட்டார் வாசிக்க ஆளும் இருக்கிறது. ஆறாவது, ஏழாவது, எட்டாவது படிக்கிறவர்கள்தான் யார் கையிலும் அகப்பட மாட்டார்கள். ஆக்‌ஷன் பாட்டு என்றால் வெட்கம், பெரியவர்களோடு உட்கார வைத்தால் தூக்கம். பெங்களூரில் எங்கள் தமிழ்ச் சபையில் இவர்களுக்கென்றே தசரா லீவில் ஒரு ரிட்ரீட், அதாவது வெளியே தங்கி நடத்தும் முகாம், நடத்துவதாக முடிவானபோது, பெண் பிள்ளைகளுக்கு மென்டராக ஆள் கிடைக்காமல் கடைசியில் என்னைப் பிடித்தார்கள்.

“நீ பிரசங்கம் ஒண்ணும் பண்ண வேண்டாம்மா, கூட இருந்தாப் போதும்” என்றார் சூப்பரின்டென்டென்ட் அங்கிள். கூட இருப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை என்பதை அவர் சொல்லவில்லை.

அதற்கு முன்பு ஒரு சனிக்கிழமை முழுக்கப் பயிற்சி. வேத பாடத்தைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று போனேன். காலை முழுவதும் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றியே பேசினார்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012இல் வந்த போக்சோ சட்டம் என்ன சொல்கிறது, சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்வது, 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எதற்கு, எந்தப் பிள்ளையோடும் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்காரக் கூடாது, பேசுவதென்றால் மற்றவர்கள் பார்வையில் படும் இடத்தில்தான் பேச வேண்டும். “யாருக்கும் சொல்ல மாட்டேன்” என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் அதில் ஒன்று. பாலியல் தொந்தரவுக்கு ஆளாகிற பிள்ளை நம்மிடம் வாய் திறந்தால், சட்டப்படி நாம் சொல்லியே ஆக வேண்டும். முதலில் சத்தியம் பண்ணிவிட்டு அப்புறம் மீறினால் அந்தப் பிள்ளை இனி எந்தப் பெரியவரையும் நம்பாது. சபைகளில் இதையெல்லாம் பேசுவதற்கு இன்னும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். என்னைக் கேட்டால், இதைப் பேசாத சபை பிள்ளைகளை ராத்தங்கலுக்குக் கூட்டிப்போகவே கூடாது.

மதியம் சொன்னதில் ஒன்று மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் கஷ்டமான கேள்வி கேட்டால் “எல்லாம் கர்த்தருடைய சித்தம்” என்று சொல்லி முடித்துவிடாதீர்கள் என்றார் பயிற்சி கொடுத்த அக்கா. அப்படிச் சொல்வது தப்பான உபதேசம் என்பதற்காக இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் காதில் அது “இனிமேல் கேட்காதே” என்றுதான் விழுமாம்.

என் குழுவில் எட்டுப் பெண்கள். லிங்கராஜபுரம், கம்மனஹள்ளி, காக்ஸ் டவுன் பக்கத்துப் பிள்ளைகள். வீட்டில் தமிழ், ஸ்கூலில் இங்கிலீஷ், ஆட்டோக்காரரிடம் கன்னடம். தமிழ் வாசிக்கத் தெரிந்தது இரண்டு பேருக்குத்தான், அதுவும் எழுத்துக் கூட்டி. அதனால் இங்கிலீஷ் பைபிளில் வாசிப்பது, தமிழில் பேசுவது என்று முதல் நாளே முடிவாகிவிட்டது. எல்லோரும் குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். திருவிருந்து வாங்கத் தொடங்குவதற்கு முன் நடக்கும் திடப்படுத்தலுக்கு இன்னும் சில வருடம் இருக்கிறது. வசன மனப்பாடப் போட்டியில் பரிசு வாங்கியவர்கள் இருந்தார்கள். ஒருத்தியோ, அம்மா சொன்னதால் வந்தேன் என்று பஸ்ஸிலேயே அறிவித்துவிட்டாள். எட்டாவது படிக்கிற இன்னொருத்தி நீட் ஃபவுண்டேஷன் கோர்ஸ் புத்தகத்தைப் பையில் கொண்டுவந்திருந்தாள்.

இடம் கனகபுரா ரோட்டில், ஊரைத் தாண்டி. போய் இறங்கியதும் மொபைல்களை ஒரு துணிப்பையில் வாங்கிப் பூட்டினார்கள்; ஒரு சின்ன இழவு வீடு மாதிரி ஆனது. முதல் ராத்திரி யாரும் தூங்கவில்லை. மறுநாள் சமையல்காரர் ஆசையாக ராகி முத்தே, அதாவது கேழ்வரகுக் களி உருண்டை, போட்டார். பாதிப் பேர் பார்த்துவிட்டு பிஸ்கட்டைத் தேடிப்போனார்கள். இன்ஹேலர் யாரிடம், கடலை ஒத்துக்கொள்ளாதது யாருக்கு என்ற பட்டியலை நான் இடுப்புப் பையிலேயே வைத்திருந்தேன். பெற்றோரிடம் வாங்கும் படிவத்தில் அந்த இரண்டு வரி இல்லையென்றால் சேர்த்துவிடுங்கள்.

அந்த வருடத் தலைப்பு ‘பன்னிரண்டு’. நல்ல யோசனை. லூக்கா இரண்டில் பெற்றோர் மூன்று நாள் தேடியபின் தேவாலயத்தில் கண்டுபிடித்த இயேசுவுக்கு வயது பன்னிரண்டு. போதகர்கள் நடுவில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். மாற்கு ஐந்தில் செத்துப் பிழைத்த யவீருவின் மகளுக்கும் பன்னிரண்டு. அதே அதிகாரத்தில், சாகக் கிடந்த அந்தச் சிறுமியைப் பார்க்க இயேசு போகிற வழியில் அவர் வஸ்திரத்தைத் தொட்ட பெண்ணுக்கு உதிரப்போக்கு பன்னிரண்டு வருடமாக. அந்தச் சிறுமி பிறந்தபோது இந்த அம்மாவுக்கு நோய் ஆரம்பித்திருக்கிறது.

லூக்கா சீக்கிரம் முடிந்துவிட்டது. “மூணு நாள் காணாமப் போயிட்டு வந்தா எங்க வீட்ல தொடப்பக்கட்டைதான்” என்று ஒருத்தி சொன்னதோடு குழு கலைந்தது. மாற்கு ஐந்து அப்படிப் போகவில்லை.

வாசித்து முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் மனப்பாடப் போட்டிக்காரி, என்னைப் பார்க்காமல் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்: “அக்கா, பீரியட்ஸ் டைம்ல பைபிளைத் தொடலாமா? எங்க ஆயா கூடாதுங்கறாங்க.” ஆயா என்றது பாட்டியை. இன்னும் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்கள் வீட்டிலும் அதே கதை. லேவியராகமம் பதினைந்தில் இருக்கிற தீட்டுச் சட்டத்தைச் சொன்னேன். அதன்படி பார்த்தால் இந்த அம்மா கூட்டத்துக்குள் வந்ததே தப்பு, தொட்டது பெரிய தப்பு. அவள் நடுங்கிக்கொண்டு வந்து விழுந்தது அதனால்தான். இயேசு என்ன செய்தார் என்று மறுபடி வாசிக்கச் சொன்னேன். ஏன் தொட்டாய் என்று திட்டவில்லை, போய்க் குளித்துவிட்டு வா என்று சொல்லவில்லை. ‘மகளே’ என்று கூப்பிட்டார். “தொடலாம். ஜெபம் பண்ணலாம். திடப்படுத்தல் ஆனப்புறம் அந்த நாள்ல திருவிருந்துக்கும் போகலாம்” என்றேன். “ஆயாகிட்ட நீங்களே சொல்லுங்க” என்றாள். அதற்கு எனக்கு தைரியமில்லை, ஆயரம்மாவைச் சொல்ல வைக்கிறேன் என்று ஒப்பந்தம் ஆனது.

அடுத்த கேள்விதான் அந்த ரிட்ரீட் முழுக்க என்னோடு வந்தது. பஸ்ஸில் அம்மா சொன்னதால் வந்தேன் என்றவள் கேட்டாள்: “அந்த லேடி நடுவுல வரலைன்னா அந்தப் பொண்ணு செத்திருக்காது, இல்லையா? இயேசு நின்னு பேசிட்டிருந்த நேரத்துலதானே செத்தா?”

ஆமாம் என்றேன். கதை அப்படித்தான் போகிறது.

“எங்க தாத்தாவுக்கும் பெட் கிடைக்க லேட் ஆச்சு.”

2021 ஏப்ரல், மே மாதங்களில், கொரோனா இரண்டாம் அலையின்போது, இந்த ஊரில் ஆஸ்பத்திரி பெட்டுக்காக எப்படி அலைந்தார்கள் என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவளுக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது இருக்கும். வீடே முழங்காலில் நின்றதாம், பாட்டி உபவாசம் இருந்தாராம். “யவீரு வீட்டுக்கு மட்டும் அப்புறமா வந்தார். எங்க வீட்டுக்கு ஏன் வரல?”

என் வாயில் வந்து நின்றது அந்தப் பழைய வாக்கியம்தான். அதை விழுங்கிவிட்டு, “எனக்குத் தெரியலம்மா. தாத்தா எப்படிப்பட்டவர்?” என்று கேட்டேன். அவ்வளவுதான், மடை திறந்தது. தாத்தா கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கவயல்காரர், தங்கச் சுரங்கத்தில் வேலை. 2001இல் சுரங்கத்தை மூடியபிறகு மகன் வீட்டோடு பெங்களூர் வந்தவர். அங்கிருந்த சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் என்று தாத்தா சொன்ன கதையை அவள் கையை இறக்கிக் காட்டிச் சொன்னாள். கூண்டில் இறங்கும்போது தாத்தா தினமும் ஒரே ஜெபம்தான் பண்ணுவாராம்: “மேலே கொண்டுவந்துடும்.” தினமும் வந்தாராம். மற்ற ஏழு பேரும் ராகி முத்தேயை மறந்து கேட்டார்கள்.

சாயங்காலம் அவளிடம் பதின்மூன்றாம் சங்கீதத்தை வாசிக்கச் சொன்னேன். நீர் எவ்வளவு காலம் என்னை மறந்திருப்பீர் என்று கேட்டுத் தொடங்குகிற சங்கீதம். நூற்றைம்பது சங்கீதங்களில் புலம்பல் வகைதான் அதிகம். நம் சபைகளில் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகக் கொடுப்பது இருபத்து மூன்றும் நூற்றிருபத்தொன்றும். “பைபிள்லயே இப்படிக் கேட்டிருக்காங்களா?” என்றாள். கேட்டிருக்கிறார்கள், யாரும் அழித்துவிட்டுப் போகவில்லை.

இதற்கு நடுவில் நீட் புத்தகக்காரி கண்டுபிடித்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்தச் சிறுமி எழுந்து நடந்ததும், அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கச் சொல்கிறார் இயேசு. அதுதான் அதிகாரத்தின் கடைசி வரி. “எல்லாரும் ஷாக்ல நிப்பாங்க, அவர் மட்டும் அவளுக்குப் பசிக்கும்னு யோசிச்சிருக்கார்” என்றாள். எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், அந்த வரியில் யாரும் நின்றதில்லை.

கடைசி ராத்திரி எனக்குப் பிடிக்கவில்லை. மூட்டிய தீயைச் சுற்றி உட்கார வைத்து, கீபோர்டில் மெதுவாக வாசித்து, கண்களை மூடி, இயேசுவுக்குத் தங்களை ஒப்புக்கொடுக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார் தேவசெய்தி கொடுக்க வந்திருந்தவர். ஒருத்தி தூக்கினாள், அடுத்தவள் தூக்கினாள், என் குழுவில் எட்டுக் கையும் மேலே போய்விட்டது. அவர் நல்ல மனிதர், உள்நோக்கம் எதுவும் இல்லை. ஆனால் தூக்கம் கெட்டு, அழுது களைத்து, தோழி பக்கத்தில் இருக்கிற நிலையில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை கையைத் தூக்காமல் இருப்பதுதான் அதிசயம். காலையில் இட்லி சாப்பிடும்போது ஒவ்வொருத்தியிடமும் நேற்று என்ன முடிவெடுத்தாய் என்று சாதாரணமாகக் கேட்டேன். “எல்லாரும் தூக்கினாங்க” என்றவர்கள் மூன்று பேர். அம்மாவிடம் டெஸ்ட் மார்க்கில் பொய் சொல்ல மாட்டேன் என்றாள் ஒருத்தி. தாத்தாவின் பேத்தி, “நான் தூக்கினது சண்டை போடறதுக்கு. ஆனா பேசாம இருக்க மாட்டேன்” என்றாள். சபை அறிவிப்பில் எட்டும் ஒரே எண்ணாகச் சேர்ந்து வாசிக்கப்பட்டது. அடுத்த ரிட்ரீட்டில் கை தூக்குவது வேண்டாம், பேச விரும்புகிறவர்கள் மறுநாள் காலையில் மென்டரிடம் வரட்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கமிட்டியில் இன்னும் பேச்சு நடக்கிறது.

ரிட்ரீட்டோடு மென்டர் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் வராமலே இருக்கலாம். திரும்பி வந்த மறு ஞாயிறிலிருந்து ஆராதனைக்குப் பிறகு சபை வளாகத்து மரத்தடியில் உட்காருகிறோம். பிள்ளைகளுக்கு நான் தனியாக வாட்ஸ்அப் அனுப்புவதில்லை. எதுவானாலும் அம்மாக்களும் இருக்கிற குரூப்பில்தான். டியூஷன் இருக்கும் வாரம் நான்கு பேர் வருவார்கள், பரீட்சை மாதத்தில் ஒருத்தி. ஆயரம்மா சொன்னபடி ஆயாவிடம் பேசினார். ஆயா ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் இப்போது பேத்தியைத் தடுப்பதும் இல்லை.

மாற்கு பதினாறு அதிகாரமும் ஒருவழியாக முடிந்தது. அடுத்து எது என்பதில்தான் சண்டை. மூன்று பேருக்கு எஸ்தர் வேண்டும், மற்றவர்களுக்கு வெளிப்படுத்தின விசேஷம், அதில் வலுசர்ப்பம் இருக்கிறதாம். நான் எஸ்தர் பக்கம். இன்னும் ஓட்டெடுப்பை விடவில்லை, விட்டால் தோற்றுவிடுவேன்.