பெரிய மீன், சின்ன மீன்: படத்தை விளக்கும் வினாவுக்கு நான் தயாரான விதம்

கலை வரலாற்றுத் தாளில், முன்பின் பார்க்காத ஒரு படத்தைக் கொடுத்து விளக்கச் சொல்வார்கள். மாதிரித் தேர்வில் எனக்கு வந்தது 1557-இல் அன்றைய நெதர்லாந்தின் ஆன்ட்வெர்ப் நகரில் வெளியான ‘பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும்’ என்ற செதுக்கோவியம், அதாவது செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படம். கரையில் கிடக்கும் ராட்சத மீன். அதன் வாயிலிருந்தும் கிழிந்த வயிற்றிலிருந்தும் மீன்களாகக் கொட்டுகின்றன. பார்த்ததுமே மச்ச நியாயம், அதாவது வலியவன் எளியவனை விழுங்கும் ‘மீன் நீதி’, நினைவுக்கு வந்துவிட்டது. பெரிய மீன் அரசன், சின்ன மீன் குடிமக்கள் என்று இரண்டு பக்கம் எழுதினேன். இருபதுக்கு ஏழு.

“வயிற்றைக் கிழிப்பது யார்?” விடைத்தாளின் ஓரத்தில் ஆசிரியை எழுதியிருந்தது இவ்வளவுதான்.

அன்றிரவு அந்தப் படத்தோடுதான் உட்கார்ந்திருந்தேன். கிழிப்பவன் தலைக்கவசம் போட்ட சிறு உருவம். கையில் ஆளைவிடப் பெரிய கத்தி. அதன் அலகில் சிலுவை வைத்த உருண்டை, அதாவது உலகத்தின் சின்னம். மச்ச நியாயத்தைப் பேசும் அர்த்தசாஸ்திரத்தில், தண்டிக்கும் கோல் ஏந்தும் அரசன் இல்லாதபோதுதான் வலியவன் எளியவனை விழுங்குவான். அரசன் அங்கே மருந்து. இந்தப் படத்திலோ காப்பாற்ற வருபவர் யாருமே இல்லை. வெளியே விழும் மீன்களைப் பாருங்கள், அவற்றின் வாயிலும் அவற்றைவிடச் சிறிய மீன்கள். விழுங்கப்பட்டவையும் விழுங்கியவைதான். இதை என் இரண்டு பக்கத்தில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்தப் படமானாலும் முதல் பத்து நிமிடம் அதிலுள்ள எழுத்துகளைக் காகிதத்தால் மறைத்துவிடுவேன். கண்ணில் பட்டதை மட்டும் குறிப்பேன்: ஏணி, சூலம், மரத்தில் தொங்கும் மீன், மனிதக் காலோடு நடந்து போகும் மீன். படத்தில் எழுதியிருக்கும் பழமொழியை முதலில் படித்துவிட்டால் கண் அதற்குமேல் தேடாது.

எழுத்தை அப்படியே நம்பவும் கூடாது. இந்த மீன் படத்தில் உருவாக்கியவர் என்று ஓவியர் ஹிரோனிமஸ் பாஷ் பெயர் இருக்கிறது. அவர் 1516-இலேயே இறந்துவிட்டார். மூலக் கோட்டோவியம் ஓவியர் பீட்டர் புரூகல் 1556-இல் வரைந்தது. வியன்னாவின் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில் அவர் பெயரோடு இருக்கிறது. செம்புத் தகட்டில் செதுக்கியவர் பீட்டர் வான் டெர் ஹெய்டன், வெளியிட்டவர் ஹிரோனிமஸ் காக். புகழ்பெற்ற பெயர் இருந்தால் விற்கும் என்று காக் நினைத்திருக்கலாம். வரைந்தவர், செதுக்கியவர், வெளியிட்டவர் மூவரையும் பிரித்து எழுதுங்கள்.

ஆண்டுகளில் கவனம் தேவை. அநீதி என்றதும் பலர் ஸ்பெயின் மன்னர் அனுப்பிய தளபதி ஆல்பா கோமகனின் கொடுமைகளை இழுத்து வருவார்கள். அவர் நெதர்லாந்துக்கு வந்தது 1567-இல், இந்தப் படம் வெளியாகிப் பத்து ஆண்டு கழித்து.

திருத்தி எழுதியபோது கடைசிப் பத்தியைப் படகுக்குக் கொடுத்தேன். முன்னால் ஒரு படகில் தந்தையும் மகனும். “பார் மகனே, பெரிய மீன் சிறியதைத் தின்னும் என்பது எனக்கு வெகுகாலமாகத் தெரியும்” என்கிறது படத்தின் கீழே அந்த ஊர் மொழியான பிளெமிஷில் உள்ள வரி. தந்தை கரையைக் காட்டுகிறார். பையனின் விரல் அங்கே போகவில்லை. அதே படகில், ஒரு மீனுக்குள்ளிருந்து சின்ன மீனை எடுக்கும் ஆளை நோக்கி நீள்கிறது.