இருட்டில் ஓடிய 18 நொடிகள்: வைவாவில் தடுமாறிய ஒரு அனிமேட்டரின் அனுபவம்

இறுதி ஆண்டு வைவாவில், அதாவது தேர்வாளர்கள் முன் நடக்கும் வாய்மொழித் தேர்வில், என் குறும்படம் 90 நொடி ஓடியிருக்க வேண்டும். 72ஆவது நொடியில் திரை இருண்டுவிட்டது. ஒலி மட்டும் நிற்கவில்லை.

ஒரு பாட்டி ஊசியில் நூல் கோர்க்கப் படும் பாடுதான் கதை. படம் முழுக்க ஒரே ஒரு வசனம். கடைசியில் நூல் உள்ளே போனதும் ஊசியைத் தூக்கிப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்பாள். அந்தக் குரல் கும்மிருட்டான திரையிலிருந்து வந்தது. அரங்கமே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, "சாரி, தப்பாயிடுச்சு, இது இப்படி வரக் கூடாது" என்று ஆரம்பித்தேன். எந்த மென்பொருள், எந்தக் கணினி, முந்தின இரவு எத்தனை மணிக்குப் படுத்தேன் என்பது வரை சொன்னேன். பேசுவதற்குக் கொடுத்திருந்தது ஐந்து நிமிடம். மணி அடித்தபோது நான் இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நடந்தது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன், உங்களில் யாருக்காவது உதவும். நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப் படங்கள், என்ற கணக்கில் செய்த படம் அது. 90 நொடிக்கு 2,160 ஃபிரேம். முந்தின இரவு ஜன்னலுக்கு வெளியே தெரியும் வானத்தின் நிறம் எனக்குப் பிடிக்காமல் போய், மறுபடி ரெண்டர் போட்டேன், அதாவது எல்லா ஃபிரேமையும் கணினியில் புதிதாக உருவாக்கினேன். புதிய படவரிசையை எடிட்டிங் மென்பொருளில் இழுத்துப் போட்டபோது, அது நொடிக்கு 30 ஃபிரேம் என்று எடுத்துக்கொண்டது. 2,160ஐ 30ஆல் வகுத்தால் 72. ஒலித்தடம் மட்டும் பழைய கணக்கில் 90 நொடி ஓடியது. 40ஆவது நொடியில் விழ வேண்டிய ஊசி 32லேயே விழுந்துவிட்டது. 'டிங்' என்ற சத்தம் எட்டு நொடி கழித்து, பாட்டி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது வந்தது. நான் முதல் பத்து நொடியை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தூங்கப் போயிருந்தேன். அந்தப் பத்து நொடியில் ஜன்னல் வெளிச்சமும் காற்றுச் சத்தமும்தான். எவ்வளவு வேகமாக ஓடினாலும் தெரியாத இடம்!

ஆனால் நான் சொல்ல வந்தது ஃபிரேம் கணக்கு இல்லை. வைவா முடிந்து வெளியே நின்றிருந்தபோது தேர்வாளர்களில் ஒருவர் வந்தார்.

"அந்த இருட்டு முடிவை நீங்களே வச்சதுன்னு நினைச்சேன் தம்பி. நல்லா இருந்தது. ஏன் காட்டிக் கொடுத்தீங்க?"

என்ன சொல்வதென்று தெரியாமல், "அது தப்பு மேடம்" என்றேன்.

"சரி, அது போகட்டும். பாட்டியோட விரல் நடுக்கத்தை எப்படிப் பண்ணினீங்கன்னு கேட்கக் குறிச்சு வச்சிருந்தேன். கேட்க நேரமே இல்லாமப் போச்சு."

அந்த விரல் நடுக்கத்துக்கு நான் ஆறு வாரம் செலவழித்திருந்தேன். வயதானவர்களின் கை எந்த நேரத்தில் நடுங்குகிறது, எதையாவது இறுக்கிப் பிடித்தால் என்ன ஆகிறது என்று பார்த்துப் பார்த்துக் குறிப்பு எடுத்திருந்தேன். மதிப்பெண் வாங்கித் தந்திருக்க வேண்டிய இடம் அதுதான். படம் கெட்டதால் அது போகவில்லை, என் வாயால் போனது. கேட்டிருந்தால் உண்மையைத்தான் சொல்லியிருக்க வேண்டும், மறைத்திருக்கலாம் என்று சொல்ல வரவில்லை. ஒரு வாக்கியத்தில் முடிந்திருக்கும் உண்மை அது. நான் அதை ஐந்து நிமிடமாக்கினேன்.

ஒரு வாரம் கழித்து, நண்பன் எடுத்திருந்த வீடியோ கைக்கு வந்தது. பார்க்கவே கூச்சமாக இருந்தது. அப்புறம் ஒரு யோசனை: நடிப்புக் குறிப்புக்காக மற்றவர்களின் வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்க்கிறோமே, இதையும் அப்படிப் பார்த்தால் என்ன? பார்த்தேன். மேடையில் வாயடைத்து ஒரு நிமிடமாவது நின்றேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எண்ணிப் பார்த்தால் சுமார் 72 ஃபிரேம். மூன்று நொடி. வெளியிலிருந்து பார்த்தால் யாரோ யோசிப்பது போலத்தான் இருந்தது, பதற்றம் எதுவும் தெரியவில்லை. உண்மையில் பதற்றம் தெரிந்தது நான் பேச ஆரம்பித்த பிறகு. கை பிடரிக்கு ஏழு முறை போனது. பார்வை திரைக்கும் தரைக்குமாக அலைந்தது. சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் என் முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரிப்பை நிறுத்தியது.

அனிமேஷன் படித்தவனுக்கு இது புதிதாக இருந்திருக்கக் கூடாது. ஒரு பாத்திரம் கால் இடறினால் பார்வையாளர் சிரிப்பதா பதறுவதா என்பதை இடறல் தீர்மானிப்பதில்லை, அடுத்து வரும் பத்துப் பன்னிரண்டு ஃபிரேமில் அந்த முகம் என்ன செய்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. ஹோல்ட் என்று நாங்கள் சொல்வோம். பாத்திரத்தை ஒரு நிலையில் சற்று நிறுத்திவைப்பது. அந்த நிறுத்தம் இல்லாவிட்டால் பார்ப்பவருக்கு எதுவும் பதியாது. பாட்டிக்கு அளந்து அளந்து ஹோல்ட் வைத்த நான் எனக்கு ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லை.

நம்மை எல்லோரும் உற்றுப் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே பாதி மிகை. 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் உளவியல் ஆய்வில், அமெரிக்கக் கல்லூரி மாணவர்களைக் கூச்சம் தரும் படம் போட்ட டிஷர்ட் அணிந்து மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். கவனித்தது ஏறக்குறைய கால்வாசிப் பேர். இதை எனக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தாலும் மேடையில் நினைவுக்கு வந்திருக்காது. என் வீடியோவை நானே எண்ணிப் பார்த்த பிறகுதான் நம்பினேன். அதனால் தேர்வுக்குப் படிப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இது: ஒத்திகையை ஒருவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், நடுவில் வேண்டுமென்றே படத்தை நிறுத்தச் சொல்லுங்கள், அப்புறம் உட்கார்ந்து நொடிகளை எண்ணுங்கள். ஒத்திகை என்றால் எல்லாம் சரியாகப் போகும் ஒத்திகையையே நாம் பத்து முறை செய்கிறோம். கெட்டுப்போகும் ஒத்திகையை ஒருமுறைகூடச் செய்வதில்லை.

நான் இப்போது பழக்கி வைத்திருக்கும் முறை எளிது. ஏதாவது தவறினால் வாயைத் திறக்காமல் இரண்டு நொடி. அதாவது 48 ஃபிரேம், ஒரு முழு மூச்சுக்குப் போதும். பிறகு என்ன ஆனது என்று ஒரு வாக்கியம், அங்கே என்ன இருந்திருக்க வேண்டும் என்று இன்னொரு வாக்கியம். "படம் வேகமாக ஓடி 18 நொடி முன்பே முடிந்துவிட்டது. பாட்டி நூலைக் கோர்த்து ஊசியைத் தூக்கிப் பார்க்கும்போது அந்த வசனம் வர வேண்டும்." அவ்வளவுதான். பிறகு நேராக, பேச வந்த விஷயத்துக்குப் போய்விட வேண்டும். 'சாரி' ஒரு முறை. காரணம் கேட்டால் மட்டும்.

கூடவே கையில் சில பொருள்கள். கீ போஸ்களை, அதாவது அசைவின் முக்கியமான நிலைகளை, அச்செடுத்த நான்கைந்து தாள்; படமே ஓடாவிட்டாலும் கதையைச் சொல்லிவிடலாம். இறுதிப் படத்தின் இரண்டு பிரதிகள், இரண்டு வெவ்வேறு இடங்களில், இரண்டையும் முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை ஓட்டிப் பார்த்த பிறகு. நகல் இருக்கிறது என்பதும் நகல் ஓடுகிறது என்பதும் வேறு வேறு. 1998இல் பிக்ஸார் நிறுவனத்தின் டாய் ஸ்டோரி 2 அனிமேஷன் படம் தயாரிப்பில் இருந்தபோது தவறான ஒரு கட்டளையால் படக் கோப்புகளில் பெரும்பகுதி அழிந்தது. காப்பு நகலைத் தேடிப் போனால் அதுவும் சரியாகப் பதிவாகியிருக்கவில்லை. குழந்தை பிறந்து வீட்டிலிருந்து வேலை பார்த்த ஒரு பணியாளரின் கணினியில் இருந்த பிரதிதான் காப்பாற்றியது. அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்த நிலைமை. அப்புறம், கடைசி இரவு எதையும் திருத்தாதீர்கள். வானம் எந்த நிறத்தில் இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

மேடையும் அனிமேஷனும் எனக்கு எதிரிகள் போலத் தோன்றிய அந்த நாட்களில்தான் அமெரிக்க அனிமேஷன் முன்னோடி வின்சர் மெக்கேயைப் பற்றிப் படித்தேன். 1914இல் அவர் கெர்ட்டி என்ற டைனோசரை ஆயிரக்கணக்கான தாள்களில் வரைந்து, அந்தப் படத்தோடு தானே மேடையேறினார். திரைக்குப் பக்கத்தில் சாட்டையோடு நின்று கட்டளை போடுவார், திரையில் கெர்ட்டி கேட்கும். சில நேரம் கேட்காது. திட்டினால் அழும். யோசித்துப் பாருங்கள், படம் யாருக்காகவும் நிற்காது. ஒரு வசனத்தை மறந்தாலும் கெர்ட்டி காத்திருக்கப் போவதில்லை. மனிதர்தான் ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். எனக்குப் பிடித்தது இன்னொன்று. கெர்ட்டியை உயிருள்ள பிராணியாக நம்பவைப்பது அது சொன்னபடி செய்யும் இடங்கள் அல்ல, செய்யாத இடங்கள். முரண்டு பிடிப்பதையும் அவர் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக வரைந்திருக்கிறார்.

சரி, வேலைக்கு வருகிறேன். வைவா மதிப்பெண் சுமார்தான். யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, இந்தத் துறையில் ஷோரீலைத்தான், அதாவது நம் வேலைகளைத் தொகுத்த சிறு வீடியோவைத்தான், பார்ப்பார்கள். என் முதல் ரீல் மூன்று நிமிடம். செய்ததையெல்லாம் போட்டிருந்தேன். எங்கிருந்தும் பதில் இல்லை. பிறகு ஒரு சீனியர் சொன்னபடி, பார்க்கவே வெட்கமாக இருந்த ஷாட்களை முதலில் எடுத்தேன், அப்புறம் சுமாரானவற்றை. மிஞ்சியது 50 நொடி. விரல் நடுக்கம்தான் முதல் ஷாட். பந்து குதிப்பது, நடை போன்ற அடிப்படைப் பயிற்சிகளில் கனம் சரியாக விழுந்த இரண்டை மட்டும் கடைசியில் வைத்தேன். மூன்றாவது மாதம் ஒரு நேர்காணலுக்கு அழைப்பு வந்தது.

அங்கே மூலக் கோப்பைத் திறந்து காட்டச் சொன்னார்கள். திறந்தால், அனிமேஷன் கோப்பு இருக்கும் பாதை அறுந்து, அசைவு எதுவும் ஏறாமல், பாட்டி இரண்டு கையையும் நீட்டியபடி சிலுவை போல நிற்கிறாள். அதே வயிற்றுக் கலக்கம். இரண்டு நொடி நின்றேன். "அனிமேஷன் கோப்பின் பாதை அறுந்திருக்கிறது. இதே ஷாட்டின் பிளேபிளாஸ்ட் என்னிடம் இருக்கிறது, அதை வைத்துச் சொல்கிறேன்" என்றேன். பிளேபிளாஸ்ட் என்பது மென்பொருளிலிருந்தே எடுக்கும் முன்னோட்ட வீடியோ. சொன்னேன். பாதையைச் சரிசெய்யத் தெரியுமா என்று கேட்டார்கள், அவர்கள் கண் முன்னாலேயே சரிசெய்தேன். வேலை கிடைத்தது அதனால்தான் என்று சொல்ல மாட்டேன். விரல்கள் நன்றாக இருந்தன, அதனால்தான் கிடைத்தது. 1966இல் நடந்த ஓர் ஆய்வு இதைத்தான் காட்டியது: வினாடி வினாவில் கெட்டிக்காரராகத் தெரிந்தவர் தன்மேல் காபியைக் கொட்டிக்கொண்டபோது கேட்டவர்களுக்கு அவரை இன்னும் பிடித்துப்போனது, சுமாராகப் பதில் சொன்னவர் கொட்டிக்கொண்டபோது இருந்த மதிப்பும் குறைந்தது. 'தவறு செய்தால் பரவாயில்லை' என்று மேடைப் பேச்சுப் பயிற்சிகளில் சொல்லிக்கொடுக்கும்போது இந்த இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

வேலையில் சேர்ந்த பிறகுதான் உண்மையான மேடை. டெய்லீஸ் என்று ஒன்று உண்டு. தினமும் அவரவர் ஷாட்டைப் பெரிய திரையில் போட்டு, இயக்குநர் எல்லோர் முன்னாலும் குறை சொல்வார். முதல் சில வாரம் நான் ஒளிந்துகொண்டேன். முக்கியமான போஸ்கள் மட்டும் இருக்கும் பிளாக்கிங் நிலையில் காட்டாமல், அசைவின் வளைவுகளையெல்லாம் இழைத்துப் பாலிஷ் செய்த பிறகு காட்டினேன். இயக்குநர் பார்த்துவிட்டு, "பாத்திரம் உட்காரவே கூடாது, நிற்கட்டும்" என்றார். நான்கு நாள் வேலை குப்பை. பக்கத்து மேசைக்காரர் பொம்மை போல விறைத்து நின்ற நான்கே போஸைக் காட்டிவிட்டு, அதே திருத்தத்தை வாங்கி, அன்று மாலைக்குள் மாற்றி முடித்திருந்தார். அரைகுறையாகக் காட்டுவது சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன், அது கணக்குத் தெரிந்தவர்கள் செய்வது. தினமும் திரையில் என் தவறு ஓடி, தினமும் அதற்குப் பிறகு நான் உயிரோடு என் மேசைக்குத் திரும்பி வந்ததில், ஏழெட்டு மாதத்தில் அந்த வயிற்றுக் கலக்கம் எங்கே போனதென்றே தெரியவில்லை. முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய்.

மாணவர்களும் இதைச் செய்யலாம். இறுதித் தேர்வுக்குக் காத்திருக்காமல், வாரம் ஒருமுறை நான்கு பேர் உட்கார்ந்து, முடியாத வேலையைப் பெரிய திரையில் ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். என் வகுப்பில் யாராவது என் படத்தை ஒருமுறை முழுதாகப் பார்த்திருந்தால், ஊசி விழுந்து எட்டு நொடி கழித்து வந்த 'டிங்' அங்கேயே மாட்டியிருக்கும்.

இப்போது டெய்லீஸில் சில நாள் நான் நடத்துபவன். புதிதாகச் சேர்ந்தவர்கள் வந்து நின்றதும், "இது இன்னும் முடியலை அண்ணா, கை கொஞ்சம் சரியா வரலை, நேத்து மிஷின் வேற..." என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். அவர்கள் முடிக்கும் வரை காத்திருப்பதில்லை, ப்ளே பட்டனை அழுத்திவிடுவேன்.