டிஸ்கம்பாபுலேட்டட்: ஒரே ஒரு சீம் சொல், ஒரே ஒரு முறை

சிங்கப்பூர் ஓ லெவல் தேர்வு ரிசல்ட் வந்துவிட்டது. மூச்சு விட முடிகிறது. சூடு ஆறுவதற்குள் ஆங்கிலம் (பாடக் குறியீடு 1184), பேப்பர் 1, செக்‌ஷன் சி, அதாவது கட்டுரை எழுதும் பகுதி, பற்றி மட்டும் எழுதிவிடுகிறேன். மற்றதெல்லாம் டியூஷனில் காது புளிக்கக் கேட்டிருப்பீர்கள்.

30 மதிப்பெண்ணில் உள்ளடக்கத்துக்கு 10, மொழிக்கு 20. இந்த 20-ஐத் துரத்திக்கொண்டுதான் பாதிப் பேர் ‘சீம்’ (கடினமான, பகட்டான) சொற்களைப் பட்டியல் போட்டு உருப்போடுகிறார்கள். மாடல் கம்போவிலிருந்து (மாதிரிக் கட்டுரையிலிருந்து) சுட்ட நூறு சொல், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரி அர்த்தம். அந்தப் பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். கையில் ஐந்து சொல் இருந்தால் போதும். 350 முதல் 500 சொல் கொண்ட கம்போவில் அதிலும் ஒன்றுதான் இறங்க வேண்டும்.

எப்படிப் பழகுவது? டிஸ்கம்பாபுலேட்டட் (discombobulated) என்பதையே எடுத்துக்கொள்வோம்.

அகராதியைப் புரட்டினால் ‘குழம்பிய’ என்றிருக்கும். வினையே அங்குதான் தொடங்குகிறது. கன்ஃபியூஸ்ட் என்றாலும் குழம்பியதுதான், பிவில்டர்ட் என்றாலும் கிட்டத்தட்ட அதுதான். அப்புறம் இது எதற்கு? இது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வேடிக்கைக்காக லத்தீன் மாதிரி ஜோடித்த சொல். சொல்லும்போதே நாக்கு கொஞ்சம் இடறும், அந்த இடறலில்தான் சிரிப்பு. (மில்வாக்கி விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை முடிந்து பெல்ட்டும் ஷூவும் மாட்டிக்கொள்ளும் இடத்தில் ‘ரீகாம்பாபுலேஷன் ஏரியா’ என்று பலகையே தொங்குகிறது. நம் சாங்கி விமான நிலையத்திலும் ஒன்று வைக்கலாம்.)

அந்தச் சிரிப்பு ‘குழம்பிய’ என்ற சொல்லில் இல்லை. ‘திருதிருவென முழிக்கிறது’ என்பதில் இருக்கிறது. நோட்டில் டிஸ்கம்பாபுலேட்டட் என்று எழுதி, எதிரே இதைத்தான் எழுத வேண்டும். ஆங்கில அர்த்தம் வேண்டவே வேண்டாம். நம் பிள்ளைகளிடம் மட்டும் இருக்கும் வசதி இது. வீட்டில் தமிழ் பேசிக்கொண்டே அதைப் பயன்படுத்தாமல் விடுகிறார்கள்.

சொல்லை எங்கே போடலாம், எங்கே கூடாது என்பதையும் இதே தமிழ் சொல்லிவிடும். ‘அப்பா இறந்த செய்தி கேட்டு அம்மா திருதிருவென முழித்தார்’ என்று யாராவது எழுதுவார்களா? காதே கூசும். அப்படியானால் அங்கே டிஸ்கம்பாபுலேட்டட் கூடாது. விபத்து, மருத்துவமனை, சாவு வீடு மூன்றிலும் கூடாது. தொலைந்த பாஸ்வேர்ட், தப்பான எம்ஆர்டி ரயில் நிலைய வாசல், முதல் நாள் தேசிய சேவை என்றால் தாராளமாகப் போடலாம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல்தான் பலர் மொழி மதிப்பெண்ணைக் கோட்டை விடுகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து இலக்கணம். ஆளுக்கு ‘எட்’, ஆளைக் குழப்பும் பொருளுக்கு ‘இங்’. தாத்தா டிஸ்கம்பாபுலேட்டட், தோபிகாட் நிலையம் டிஸ்கம்பாபுலேட்டிங். போர்ட், போரிங் கதைதான். ‘ஐ ஆம் போரிங்’ என்று தன்னையே திட்டிக்கொள்பவர் இதிலும் மாட்டுவார். காரணம் சொல்ல வேண்டுமானால் பின்னால் ‘பை’ (by) வரட்டும்.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் திணிப்பதைவிட ‘லுக்ட்’, ‘ஃபெல்ட்’ போன்ற வினைக்குப் பின்னால் வைத்தால் சொல் மூச்சு விடும். முக்கியமாக, அடுத்த வாக்கியம் எளிய சொற்களில் அந்த முழியைக் காட்ட வேண்டும். இப்படி:

தாத்தா மூன்று ரயில் பாதைகள் சந்திக்கும் தோபிகாட்டில் நிற்கிறார். ‘கிராண்ட்பா லுக்ட் டிஸ்கம்பாபுலேட்டட்.’ முற்றுப்புள்ளி. அடுத்த வாக்கியத்தில், ஈஸி லிங்க் பயண அட்டை என்று நினைத்து கிளினிக் அட்டையைக் கேட்டில் மூன்று முறை தட்டுகிறார், திறக்கவில்லை, கேட்டிடமே ‘சாரி’ சொல்லிவிட்டு நகர்கிறார்.

சொல்லின் பொருள் தெரியாதவருக்கும் இப்போது தெரிந்துவிடும். இரண்டாவது வாக்கியம் இல்லாமல் முதலாவது மட்டும் நின்றால், பட்டியலிலிருந்து எடுத்து ஒட்டியது என்று திருத்துபவர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்.

செய்யக்கூடாதவை:

- ஒரே கம்போவில் இரண்டு முறை போடுவது. இரண்டாவது முறை சிரிப்பு வராது.
- ‘வெரி’ சேர்ப்பது. சொல்லே உரக்கத்தான் பேசுகிறது.
- பக்கத்திலேயே இன்னொரு சீம் சொல். பிரியாணியில் கேசரியைப் பிசைந்த மாதிரி.
- செக்‌ஷன் பியில் பள்ளி முதல்வருக்கு எழுதும் கடிதத்தில் போடுவது.
- வாய்மொழித் தேர்வில் வலிய நுழைப்பது. நாக்கு பிசகினால் தேர்வர் நீங்களே டிஸ்கம்பாபுலேட்டட்.

‘பிளர்’ (சிங்கிலிஷில், ஒன்றும் புரியாமல் முழிப்பது) என்று எழுதலாமே என்று கேட்பீர்கள். நம் ஊரில் ‘பிளர் லைக் சோத்தோங்’குக்கு ஈடே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைக் கதாபாத்திரத்தின் வாயில், மேற்கோள் குறிக்குள் மட்டும் வையுங்கள். உங்கள் வருணனையில் வந்தால் சிங்கிலிஷ் என்று கோடு விழும்.

மீதி நான்குக்கு என் ஜோடிகள். லாக்கடெய்சிக்கலுக்கு ஏனோதானோ, ‘லாக்ஸ’ என்று பலர் உச்சரிக்கிறார்கள், அதில் எக்ஸ் கிடையாது. விஷி வாஷிக்கு வழவழா கொழகொழா. ஹிகிள்டி பிகிள்டிக்கு கன்னாபின்னா: புளோக் தாழ்வாரத்தில் செருப்பு, சைக்கிள், துளசித் தொட்டி கிடக்கும் கோலத்துக்கென்றே செய்த சொல், நடுவில் சிறு கோடு மறக்காதீர்கள். கேன்டாங்கரஸுக்கு சிடுசிடு. ஜோடி கிடைக்காத சொல்லை விட்டுவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

ஸ்பெல்லிங்: டிஸ், காம், பாப், யூ, லே, டெட். ஆறு அசை, 15 எழுத்து, அழுத்தம் ‘பாப்’ மேல். அந்த ‘பாப்’பில் இரண்டு பியும் நடுவில் ஓவும், அங்கே ஏ அல்லது யூ போட்டுத்தான் சறுக்குகிறார்கள். கையால் எழுதிப் பழகுங்கள், திரையில் தட்டினால் தானாகத் திருத்திக் கெடுத்துவிடும். திங்கள் ஐந்து முறை, வியாழன் பார்க்காமல் மூன்று முறை, அடுத்த ஞாயிறு ஒரு முறை. ஞாயிறன்று தப்பினால் மறுபடி திங்களிலிருந்து.

2027 முதல் ஓ லெவலுக்குப் பதிலாக எஸ்இசி என்ற புதிய தேர்வு என்பதால் 2026இல் எழுதுபவர்கள்தான் ஓ லெவலின் கடைசி பேட்ச். பதற்றம் கூடத்தான் இருக்கும். பரீட்சை மண்டபத்தில் ‘பாப்’புக்கு அப்புறம் என்ன என்று பேனா நின்றால் மல்லுக்கட்ட வேண்டாம். ‘கன்ஃபியூஸ்ட்’ என்று எழுதிவிட்டு, கிளினிக் அட்டை வாக்கியத்தை அப்படியே வையுங்கள்.