பூனையை என்ன செய்வது?

எங்கள் நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்கு மனநலப் பிரிவிலிருந்து ரத்தக் குப்பிகள் வந்துகொண்டிருந்த சமயம். ஒரு முதுநிலை மாணவரின் ஆய்வு. மனச்சிதைவு நோயாளிகளுக்கு டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணி தொற்றியிருந்ததா என்று எலைசா பார்க்க வேண்டும்; கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று நிறத்தால் காட்டும் சோதனை அது. தட்டில் 96 குழிகள். எதிர்ப்பொருள் உள்ள குழி நீலமாகும்; கடைசியாக அமிலத்தை விட்டதும் அந்த நீலம் சட்டென்று மஞ்சளாகும். 15 வருடமாகப் பார்த்தும் எனக்கு அது அலுக்கவில்லை. ஒருநாள் ஒரு குழி மிச்சமிருக்க, என் ரத்தத்தின் தெளிநீரான சீரத்தையே விட்டேன். நல்ல மஞ்சள்.

திகைக்க ஒன்றுமில்லை. உலகில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தத் தொற்று உண்டு. பூனை மலம் கலந்த மண், கழுவாத கீரை, அரைவேக்காட்டுக் கறி என்று பல வழிகளில் வரும். வந்தால் தசையிலும் மூளையிலும் கூடுகட்டிச் சும்மா கிடக்கும். சும்மாதான் கிடக்கிறதா என்பதில்தான் வழக்கு. அமெரிக்காவில் ஃபுல்லர் டோரி, ராபர்ட் யோல்கன் என்ற ஆய்வாளர்கள் 2007இல் 23 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மனச்சிதைவு உள்ளவர்களிடம் இதன் எதிர்ப்பொருள் இருக்கும் வாய்ப்பு விகிதம் மற்றவர்களைவிட 2.7 மடங்கு என்று வந்தது. நியூசிலாந்தின் டுனீடினில் பிறந்த ஒரு கூட்டத்தையே தொடர்ந்து கவனித்தவர்களோ, 2016இல் அப்படிப் பெரிதாக எதையும் காணவில்லை. எங்கள் சோதனை தேடியது ஐஜிஜி என்ற, தொற்றுக்குப் பின் நெடுநாள் தங்கும் எதிர்ப்பொருளை; அதற்கு, தொற்று நோய்க்கு முன் வந்ததா பின் வந்ததா என்று சொல்லத் தெரியாது.

அந்த ஆய்வில் இருந்த தன் மகனின் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஒரு வயதான தாய் நேரே ஆய்வக ஜன்னலுக்கு வந்துவிட்டார். நாலாக மடித்த தாளை விரித்து, 'பாசிட்டிவ்' என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"தம்பி, இந்தப் பூச்சிதானே என் பிள்ளையை இப்படி ஆக்கிவிட்டது?"

செய்வினை என்று கோயில் கோயிலாக அலைந்தவர். பூச்சி என்றால் மருந்து கொடுத்துக் கொன்றுவிடலாம் அல்லவா? ஆமாம் என்று சொல்லிவிட எனக்கே ஆசையாக இருந்தது. ஆனால் ஒட்டுண்ணிக்கான மருந்தைச் சேர்த்துக் கொடுத்த சோதனைகளில் வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை.

"எனக்கும் இதே பாசிட்டிவ்தான் அம்மா" என்றேன். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

"அப்படியென்றால் வீட்டுப் பூனையை என்ன செய்வது?"

"இருக்கட்டும். மலத்தை அன்றன்றே அள்ளிவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்."

"அவன் நோயில் விழுந்த பிறகுதான் அது வீட்டுக்கு வந்தது. மழையில் கிடந்ததை அவன்தான் தூக்கிக்கொண்டு வந்தான். இப்போது அதனிடம் மட்டும்தான் பேசுகிறான்" என்றார், தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தபடி.