எடைமேடை சர்வர்: மன்னார்குடி நாட்குறிப்பு

அக்டோபர் 6

குறுவை அறுவடை கடைசிக் கட்டம். ஈர நெல்லோடு டிராக்டர்கள் வரிசையில் நிற்க, எடைமேடையில் பில் வரவில்லை என்று ரைஸ் மில் முதலாளி காலையிலேயே கூப்பிட்டார். ராத்திரி கரண்ட் போய் வந்திருக்கிறது. சர்வர் ஓடுகிறது, கணக்கை வைத்திருக்கும் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் மட்டும் எழவில்லை.

கணக்குப்பிள்ளை ஒரு கல்யாணத்துக்குக் கும்பகோணம் போயிருக்கிறார். போனில் கேட்டால், "சர்வர் மறுபடி ஆன் ஆனா நான்தான் தம்பி ஒரு லைன் அடிப்பேன். நோட்டு அட்டையில எழுதியிருக்கு பாருங்க" என்றார். பார்த்தேன்: சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட், லினக்ஸில் ஒரு சர்வீஸை எழுப்பும் கட்டளை. அது இப்போதைக்கு மட்டும் ஓட்டும். அடுத்த முறை சர்வர் பூட் ஆகும்போதும் தானே எழ வேண்டுமென்றால் எனேபிள் கொடுக்க வேண்டும்.

இந்த மெஷினில் இருப்பது ராக்கி லினக்ஸ், ரெட் ஹாட் குடும்பத்தைச் சேர்ந்தது. டெபியன், உபுண்டு என்ற வேறு லினக்ஸ் வகைகளில் போஸ்ட்கிரெஸை நிறுவினாலே அது எனேபிள் ஆகி ஓடத் தொடங்கிவிடும். ரெட் ஹாட் குடும்பத்தில் அப்படி இல்லை, நாமேதான் சொல்ல வேண்டும். எனக்கு இந்த வழக்கமே பிடிக்கும், ஆனால் நிறுவிவிட்டுப் போகிறவருக்கு அது நினைவிருக்க வேண்டும்.

எனேபிளோடு 'நவ்' என்பதையும் சேர்த்தேன். இரண்டு வேலையும் ஒரே அடியில் முடிந்தது. பூட் ஆகும்போது எதையெல்லாம் எழுப்ப வேண்டும் என்று குறிக்கும் மல்டி-யூசர் டார்கெட்டின் வான்ட்ஸ் ஃபோல்டரில் ஒரு சிம்லிங்க், அதாவது சர்வீஸ் ஃபைலைச் சுட்டும் இணைப்பு, விழுந்தது. எனேபிள் செய்வது உண்மையில் அவ்வளவுதான். ரீபூட் செய்தேன், பில் வந்தது.

அக்டோபர் 9

நேற்று சாயங்காலம் இடியோடு மழை, மறுபடி கரண்ட் போயிற்று. மறுபடி பில் இல்லை. இஸ்-எனேபிள்ட் என்று கேட்டால் 'எனேபிள்ட்' என்றுதான் சொல்கிறது. சர்வரின் லாகைக் காட்டும் ஜர்னல்சிடிஎல்லில் தேடினேன்: டேட்டா ஃபோல்டர் இல்லை அல்லது காலியாக இருக்கிறது, புது டேட்டாபேஸை உருவாக்கும் இனிட்டிபி கட்டளையை ஓட்டுங்கள் என்று ஒரு யோசனை.

பக்கத்தில் நின்ற பையன் "அதுவே சொல்லுதேண்ணே, ஓட்டிடலாம்" என்றான். கையைப் பிடித்து நிறுத்தினேன். டேட்டா இருப்பது இரண்டாவது ஹார்ட் டிஸ்கில். அது மவுன்ட் ஆகாத, அதாவது சிஸ்டத்தோடு இணையாத நேரத்தில் இனிட்டிபி ஓட்டினால், வெறும் ஃபோல்டரில் புதுசாக ஒரு காலி டேட்டாபேஸ் உருவாகும். பிறகு டிஸ்க் வந்து அதன்மேல் உட்கார்ந்தால் எது அசல் என்பதே குழம்பிவிடும். சீசன் கணக்கு மொத்தமும் அந்த டிஸ்கில்தான்.

காரணம், எந்த டிஸ்கை எப்படி மவுன்ட் செய்வது என்று எழுதியிருக்கும் எஃப்எஸ்டேப் ஃபைலில் இருந்தது. அந்த டிஸ்குக்கு 'நோஃபெயில்' போட்டிருக்கிறார்கள். போட்டால், சர்வீஸ்களை எழுப்பும் சிஸ்டம்டி அந்த மவுன்ட்டுக்காகக் காத்திருக்காது, பூட் மேலே போய்விடும். ஒழுங்காக ரீபூட் செய்தபோது டிஸ்க் சீக்கிரம் வந்துவிட்டது. கரண்ட் பட்டென்று போனால் ஃபைல்சிஸ்டம் சரிபார்ப்பு, ஜர்னல் மீட்பு என்று நேரம் பிடிக்கிறது. அதற்குள் போஸ்ட்கிரெஸ் முந்திக்கொண்டு வந்து, ஃபோல்டரைக் காணாமல் விழுந்துவிடுகிறது.

போஸ்ட்கிரெஸ் சர்வீஸின் அமைப்பை சிஸ்டம்சிடிஎல் எடிட்டில் திறந்து, யூனிட் பகுதிக்குக் கீழே ஒரே வரி சேர்த்தேன்: 'ரிக்வயர்ஸ்-மவுன்ட்ஸ்-ஃபார்', அதற்கு எதிரே டேட்டா ஃபோல்டரின் பாதை. இனி டிஸ்க் வந்த பிறகுதான் டேட்டாபேஸ் எழும். வராவிட்டால் எழவே எழாது. அதுதான் நமக்கு வேண்டும்.

அக்டோபர் 10

மதியம் சாப்பாட்டு நேரத்தில் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு மெயின் சுவிட்சையே அணைத்தேன். ரீபூட்டை நம்பி இதைச் சரி என்று சொல்ல முடியாது என்பதை நேற்றே பார்த்தாயிற்று. கரண்டைத் திரும்பப் போட்டதும் சர்வரே ஆன் ஆகவில்லை! இத்தனை நாளும் யாரோ போய் பட்டனை அமுக்கியிருக்கிறார்கள். மெஷினின் அடிப்படை அமைப்பான பயாஸில், கரண்ட் திரும்பினால் ஆன் ஆக வேண்டும் என்று மாற்றினேன்.

அடுத்த முறை எல்லாம் தானே எழுந்தது. ஒழுங்காக நிறுத்தப்படவில்லை, தானியங்கி மீட்பு நடக்கிறது என்று லாகில் வந்தது. அதில் பயப்பட ஒன்றுமில்லை. மாற்றங்களை முன்கூட்டியே எழுதி வைக்கும் 'வால்' (WAL) பதிவுகளைப் போஸ்ட்கிரெஸ் மறுபடி ஓட்டித் தன்னைச் சரிசெய்துகொள்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி. எடைமேடை கம்ப்யூட்டரில் உள்ள பில் ப்ரோகிராம் சர்வருக்கு முன்னால் எழுந்துவிட்டால், ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. அதை எழுதியவர் திருச்சியில் இருக்கிறார், நாளைக்குப் பேச வேண்டும்.